‘டூ த நீட்ஃபுல்’: எங்கே எழுதலாம், எங்கே கூடாது

திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். திருப்பத்தூரிலிருந்தும் இளையான்குடியிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், மடித்த மனுவோடு வரிசையில் நிற்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு, எரியாத தெருவிளக்கு என்று ஆளுக்கு ஒரு குறை. ஆனால் மனுவின் கடைசி வரியை மட்டும் எடுத்து அடுக்கினால் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அதே ஆள் ஊருக்குத் திரும்பி, வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கோ வங்கிக்கோ ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால், கை தானாக இன்னொரு வரிக்குப் போகும்: ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’ ஆவன செய்வதற்கு ஆங்கிலச் சட்டை போட்டுவிட்டது போல இருப்பதால், தமிழருக்கு இந்தத் தொடர் மேல் தனி வாஞ்சை. இது தப்பான ஆங்கிலம் என்று ஒரு சாரார் கேலி செய்கிறார்கள். இன்னொரு சாரார் இது இல்லாமல் கடிதத்தையே முடிப்பதில்லை. இரண்டு பேர் பக்கமும் பாதி நியாயம்தான் இருக்கிறது.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்த்துவிடலாம். ‘நீட்ஃபுல்’ என்பது ‘தேவையான’ என்று பொருள் தரும் பெயரடை. அதற்கு முன்னால் ‘த’ சேர்ந்ததும் அது பெயராகிவிடுகிறது: ‘தேவையானது’. ‘த ரிச்’ என்றால் பணக்காரர்கள், ‘த புவர்’ என்றால் ஏழைகள் என்று ஆவதும் இந்த முறையில்தான். அதனால் ‘த’ விழுந்துவிட்டால் தொடரே சாய்ந்துவிடும். ‘ப்ளீஸ் டூ நீட்ஃபுல்’ என்பது பிழை. இந்தப் பிழை இவ்வளவு பரவியதற்குத் தந்தியையும் கொஞ்சம் குறை சொல்லலாம். சொல்லுக்குச் சொல் காசு என்பதால், தந்தி மொழியில் இப்படிப்பட்ட சிறு சொற்களைத் தூக்கிப் போடுவது வழக்கம். தந்திச் சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. மின்னஞ்சலில் ‘த’வுக்குக் கட்டணம் கிடையாது.

எழுத்துக்கூட்டலிலும் ஓர் இடறல் உண்டு. என், டபுள் ஈ, டி, எஃப், யு, எல். கடைசியில் ஒரே ஒரு எல்தான். ‘ஃபுல் மீல்ஸ்’ எழுதும் பழக்கத்தில் இரண்டு எல் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஓட்டல் பலகையில் வருவது தனிச்சொல், அதற்கு இரண்டு எல். வேறொரு சொல்லின் வாலாக ஒட்டும்போது ஒன்றைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஒருமை பன்மை. தமிழில் ‘ஆவன’ பன்மை. ‘ஆவது’ ஒன்று, ‘ஆவன’ பல. அந்த நினைப்பிலோ என்னவோ, ‘நீட்ஃபுல்ஸ்’ என்று எஸ் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பன்மை கிடையாது. செய்ய வேண்டிய வேலை பத்து இருந்தாலும் ‘த நீட்ஃபுல்’தான். வேலை முடிந்தது என்று சொல்லும்போது ‘த நீட்ஃபுல் ஹேஸ் பீன் டன்’ என்று எழுத வேண்டும். ‘ஹேவ் பீன்’ என்று எழுதினால் பிழை. ‘த புவர் ஆர்’ என்று பன்மையில் சொல்கிறோமே என்று கேட்கலாம். இப்படிப் பெயரான பெயரடை மனிதர்களைக் குறித்தால் பன்மை, பொருளையோ செயலையோ குறித்தால் ஒருமை. வினைச்சொல்லும் ‘டூ’ ஒன்றுதான். ‘மேக் த நீட்ஃபுல்’ கிடையாது, ‘டேக் த நீட்ஃபுல்’ கிடையாது. ‘டேக் நெசசரி ஆக்‌ஷன்’ என்பது வேறொரு தொடர். இரண்டையும் குழைத்து ‘டூ த நீட்ஃபுல் ஆக்‌ஷன்’ என்று எழுதினால், சாம்பாரும் ரசமும் ஒரே கரண்டியில் விழுந்தது போலத்தான்.

இவற்றையெல்லாம் தாண்டிய ஒரு பிழை இருக்கிறது. ‘நீட்ஃபுல்’லையும் ‘நீடி’யையும் மாற்றிப் போடுவது. ‘த நீடி’ என்றால் வறியவர்கள். ‘ஹெல்ப் த நீட்ஃபுல்’ என்று நன்கொடை நோட்டீஸில் அச்சடிப்பதும், ‘கைண்ட்லி டூ த நீடி’ என்று அலுவலகத்துக்கு எழுதுவதும் இந்தக் குழப்பத்தால்தான். முன்னதில் மனிதர்கள் வேலையாகிவிடுகிறார்கள். பின்னதில் வேலை ஏழைகளாகிவிடுகிறது. அன்னதான நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இலக்கணம் இவ்வளவுதான். சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் இலக்கணம் சுத்தமாக இருக்கும்போதும் இந்தத் தொடர் கடிதத்தைக் கெடுத்துவிடும்.

காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகம் மாதிரியான இடங்களில், வாசலோரம் மனு எழுதித் தருபவர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே நடக்கும் பேச்சைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டால், இது போல ஒன்று விழும்.

“என்ன எழுதணும் ஆச்சி?”

“வேண்டியதைச் செய்யச் சொல்லி எழுதுப்பா.”

“வேண்டியதுன்னா எது ஆச்சி? பட்டா பேர் மாத்தணுமா, அளந்து கல்லு போடணுமா?”

“எம் மாமியா பேருல இருக்கு. அத எம் பேருக்கு ஆக்கணும்.”

“அப்ப அதைச் சொல்லுங்க. சர்வே நம்பர் கொண்டாந்திருக்கீகளா?”

ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த பழைய ரசீதை எடுத்துக் கொடுப்பார். மனு எழுதுபவர் முதலில் சர்வே நம்பரை எழுதுவார், பிறகு மாமியாரின் பெயர், இறந்த தேதி, வாரிசுச் சான்றிதழின் எண். ‘ஆவன செய்யுமாறு’ வருவது எல்லாம் முடிந்து கடைசியில்தான். அதற்குள் எது ஆக வேண்டும் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கடிதம் கற்றுக்கொண்ட பலருக்கு, இந்த வாசலோர எழுத்தரிடம் இருக்கும் ஒழுங்கு கிடையாது. ‘ஆவன’ என்னவென்று சொல்லாமலேயே ‘ஆவன செய்க’ என்று முடித்துவிடுவார்கள்.

இந்த ஆங்கிலத் தொடர் பிறந்த இடத்தை நினைத்தால் குறை எங்கே என்பது விளங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில வணிகக் கடிதங்களில் புழங்கிய தொடர் இது. கப்பலில் சரக்கு அனுப்பியவர், அங்கே இறக்கிக்கொள்ளும் ஏஜெண்டுக்கு எழுதுவது. ஏஜெண்டுக்குத் தொழில் தெரியும், சரக்கு தெரியும், முதலாளியின் மனசும் தெரியும். ‘வேண்டியதைச் செய்’ என்றால் போதும். இங்கிலாந்தில் வழக்கு ஓய்ந்த பிறகும் இந்தியாவிலும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் அலுவலகங்களின் வழியாகத் தொடர் பிழைத்துக்கொண்டது. ஆகவே இது தமிழரோ இந்தியரோ கண்டுபிடித்த தப்பு ஆங்கிலம் அல்ல. சொந்த ஊரில் மறந்துபோன பழைய ஆங்கிலம், நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

செட்டிநாட்டுக்காரருக்கு இந்த முதலாளி–ஏஜெண்ட் உறவைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் சிலோனிலும் கொண்டுவிற்ற காலத்தில், கடை அங்கே, முதலாளி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ. கடையை நடத்தும் மேலாள் பொதுவாக மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கப்பல் ஏறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. 1929–30இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்குச் சொன்னது. இவ்வளவு கடைகளும் கடிதத்தின் மேலேயே ஓடின. மேலாளுக்கு எழுதும்போது ‘உசிதம்போல் செய்துகொள்ளவும்’ என்று விட்டுவிடலாம். நடப்பு வட்டி என்ன, எந்தப் பற்று தவணை தாண்டிப் போயிருக்கிறது என்பதெல்லாம் மேலாள் முன்னால் விரித்து வைத்த பேரேட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அதே கடையில் எழுதும் உண்டியலைப் பாருங்கள். யார் யாருக்கு, எவ்வளவு தொகை, கண்டதும் கொடுக்க வேண்டிய தரிசன உண்டியலா, இத்தனை நாள் கழித்துக் கொடுக்க வேண்டிய தவணை உண்டியலா என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். உண்டியல் கைமாறிக் கைமாறி, எழுதியவர் முகத்தையே பார்த்திராத ஒருவரிடம் போய்ச் சேரும். அங்கே ‘உசிதம்போல்’ செல்லாது.

நமக்கு வேண்டிய விதி இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் கிடக்கிறது. மேலாளுக்கு எழுதுவது போன்ற கடிதமா, உண்டியல் போன்ற கடிதமா? பெறுகிறவருக்கு என்ன வேலை என்று முன்பே தெரியுமானால் ‘டூ த நீட்ஃபுல்’ சரி. தெரியாதென்றால் அந்தத் தொடர் வெறும் பாத்திரம்.

போகிற போக்கில் ஒன்று. ‘த நீட்ஃபுல்’ என்பதற்கு ஆங்கிலப் பேச்சு வழக்கில் பணம் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘தேவையானது’ என்று எதைச் சொல்வார்கள் பின்னே! வட்டிக்கடை வைத்து வளர்ந்த ஊருக்கு இந்த அகராதிப் பொருள் பிடிக்கும். ஆனால் பழைய ஆங்கிலம் படித்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால், நாசூக்காகக் காசு கேட்கிறார் என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

இனி ஒரு கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மெல்போர்னில் இருக்கும் ஒரு கட்டட வடிவமைப்பாளருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் வேலை எப்படி நடக்கும் என்பது தெரிந்ததே. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் ஆக்ஸைடு கலந்த வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் பரப்பி அழுத்துவார்கள். கொஞ்சம் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது, சூளை எதுவும் கிடையாது. ஒரு கல்லில் நான்கு வண்ணம் என்றால் நான்கு கிண்ணம், நான்கு கரண்டி. கை நடுங்கினால் கோடு கலங்கிவிடும்.

அவ்வளவு நுணுக்கமாகக் கல் போடுகிறவர் மின்னஞ்சலை இப்படி முடிக்கிறார்: ‘சாம்பிள்ஸ் ஆல்ரெடி சென்ட். கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்.’

மெல்போர்ன்காரருக்கு இதில் என்ன புரியும்? மாதிரிகள் வந்தன, சரி. அவற்றில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டுமா? அளவு எட்டு அங்குலமா, பத்து அங்குலமா என்று முடிவு செய்ய வேண்டுமா? முன்பணம் அனுப்ப வேண்டுமா? மூன்று கேள்வியையும் பட்டறைக்காரர் மனசில் வைத்திருக்கிறார், கடிதத்தில் வைக்கவில்லை. போதாக்குறைக்கு ‘ரிவர்ட்’ வேறு. இந்திய அலுவலகங்களில் அதற்குப் ‘பதில் எழுது’ என்று பொருள். ஆஸ்திரேலியரின் காதில் முதலில் விழுவது ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்பதுதான். ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் இருக்கும்போது இந்தச் சுற்று எதற்கு?

திருத்திய கடிதத்துக்கு இலக்கியத் திறமை ஏதும் வேண்டாம்.

‘வீ சென்ட் யூ த்ரீ சாம்பிள் டைல்ஸ் ஆன் 2 ஜூன். ப்ளீஸ் சூஸ் ஒன் அண்ட் டெல் அஸ் த நம்பர் ஆன் இட்ஸ் பேக். ப்ளீஸ் ஆல்ஸோ கன்ஃபர்ம் த சைஸ், எய்ட் இன்ச்சஸ் ஆர் டென். ஒன்ஸ் வீ ரிசீவ் ஹாஃப் த பேமெண்ட், வீ வில் பிகின் வொர்க்.’

நான்கு வாக்கியம். மூன்று மாதிரி அனுப்பினோம், ஒன்றைத் தேர்ந்து அதன் பின்புற எண்ணைச் சொல்லுங்கள், அளவை உறுதி செய்யுங்கள், பாதிப் பணம் வந்ததும் வேலை தொடங்கும். ‘நீட்ஃபுல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அமுங்கிக் கிடந்த வேலைகள் வெளியே வந்து, ஆளுக்கு ஒரு வாக்கியமாக உட்கார்ந்துகொண்டன. இனி அந்தத் தொடரைச் சேர்க்க இடமே இல்லை. சேர்க்காததால் மரியாதை குறைந்தும் போகவில்லை, ‘ப்ளீஸ்’ இரண்டு முறை வந்திருக்கிறது.

பதில் எழுதும்போது இதே தொடர் இன்னும் மோசமாக வேலை செய்யும். கானாடுகாத்தானில் பழைய வளவு வீட்டை விடுதியாக்கி நடத்தும் ஒருவருக்கு வெளிநாட்டு விருந்தினர் எழுதுகிறார்: மதுரை விமான நிலையத்திலிருந்து வண்டி வேண்டும், உடன் வருபவருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது. விடுதிக்காரர் பதில்: ‘டோன்ட் வொரி, வீ வில் டூ த நீட்ஃபுல்.’ விடுதிக்காரர் முழு மனசோடுதான் எழுதுகிறார், சமையல்காரரிடமும் அப்போதே சொல்லிவிடுகிறார். படித்தவருக்கோ பயம் கூடுகிறது. முந்திரி ஒத்துக்கொள்ளாத ஆளுக்குக் குருமாவில் என்ன அரைத்து ஊற்றுவார்கள் என்பது உயிர்ச் சமாச்சாரம். ‘அவர் டிரைவர் வில் மீட் யூ அட் மதுரை ஏர்போர்ட் அட் 4.30. த குக் நோஸ் அபவுட் த காஷ்யூ அலர்ஜி அண்ட் வில் நாட் யூஸ் காஷ்யூஸ் இன் எனி டிஷ்.’ இது பதில். வண்டியின் மணி இருக்கிறது, முந்திரி பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரவு விருந்தினர் நிம்மதியாகத் தூங்குவார்.

அப்படியானால் அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது? அங்கே கதை கொஞ்சம் வேறு. இந்திய அரசு அலுவலகங்களில் ‘ஃபார் த நீட்ஃபுல்’, ‘ஃபார் நெசசரி ஆக்‌ஷன்’ என்பவை கோப்போடு கோப்பாக வாழ்கிற தொடர்கள். மேலிடத்திலிருந்து கீழே மனு இறங்கும்போது ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று தமிழில் குறிப்பு வருவதும் அதன் உடன்பிறப்புதான். படிக்கும் எழுத்தருக்கு அது அந்நியம் இல்லை, பழமை என்று முகம் சுளிக்கவும் மாட்டார். எனவே கடைசியில் ஒரு வரியாக ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு டூ த நீட்ஃபுல்’ என்று எழுதுவதில் தவறில்லை. அதற்கு முன்னால், வேலை என்ன என்பது தெளிவாக இருந்தால் போதும்.

காரைக்குடி 2024இல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியானது. ஆகவே மனுவின் பெறுநர் பகுதியில் இப்போது மாநகராட்சி ஆணையர் என்று எழுத வேண்டும். பழைய லெட்டர்ஹெட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பவர்கள் கவனிக்க. தெருவிளக்கு எரியவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் போதும். ‘த ஸ்ட்ரீட் லைட் இன் ஃப்ரண்ட் ஆஃப் டோர் நம்பர் 14 ஹேஸ் நாட் வொர்க்ட் சின்ஸ் 3 ஜூன். த போல் நம்பர் இஸ் கிவன் பிலோ. ப்ளீஸ் ஹேவ் இட் ரிப்பேர்ட்.’ கதவு எண், தேதி, கம்பத்தின் எண். இதற்குப் பிறகு ‘டூ த நீட்ஃபுல்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்பணியாளர் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

ஒரே ஓர் அரசுக் கடிதத்தில் மட்டும் இதைத் தொடவே கூடாது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போடும் விண்ணப்பத்தில். 2005இன் அந்தச் சட்டம், கேட்ட தகவலை 30 நாளுக்குள் தரச் சொல்கிறது. கேட்டது என்ன என்பதுதான் அங்கே எல்லாமே. ‘எங்கள் தெருச் சாலை சம்பந்தமாக டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால், அது தகவல் கேட்கும் விண்ணப்பமே அல்ல, புகார். பொதுத் தகவல் அலுவலர் அப்படியே சொல்லித் திருப்பிவிடலாம், பத்து ரூபாய்க் கட்டணமும் போச்சு. சாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி எடுத்தவர் யார், வேலை முடிந்ததாகக் கையெழுத்தான நாள் எது என்று எண் போட்டுக் கேட்டால்தான் விண்ணப்பம் நிற்கும்.

வங்கிக் கடிதமும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் கணக்கை மூடச் சொல்லி எழுதுகிறார் என்றால், கணக்கு எண், மீதித் தொகை போய்ச் சேர வேண்டிய கணக்கு, இணைத்திருக்கும் தாள்கள், இந்த மூன்றும் இருக்க வேண்டும். மற்றதை வங்கியே கேட்டுக்கொள்ளும்.

இனி இந்தத் தொடரோடு ஒட்டிக்கொண்டு வரும் சுற்றத்தார். ‘ப்ளீஸ் கைண்ட்லி’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது நம்மிடம் சர்வ சாதாரணம். ஒரு மரியாதை போதும். ‘கைண்ட்லி’யை விட ‘ப்ளீஸ்’ பத்திரமானது. பிரிட்டிஷ்காரர் சிலர் எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசும்போதுதான் ‘கைண்ட்லி’யை எடுப்பார்கள், ‘தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க’ என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோமே, அப்படி.

‘அண்ட் ஒப்லைஜ்’ என்ற வால் இன்னும் பழையது. ‘டூ த நீட்ஃபுல் அண்ட் ஒப்லைஜ்’ என்று எழுதி அதற்குக் கீழேயே ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ போடுவது ஒரு காலத்துப் பாணி. வாக்கியம் கையெழுத்தில் போய் முடியும்: ‘இதைச் செய்து, தங்கள் உண்மையுள்ள இன்னாரைக் கடமைப்படுத்துங்கள்’ என்று. இன்று அந்தக் கட்டுமானம் யாருக்கும் நினைவில்லை. வால் மட்டும் அறுந்து கிடக்கிறது. எழுதாமல் விடுவதே நல்லது.

‘அட் தி எர்லியஸ்ட்’ என்பதற்குத் தமிழிலேயே அழகான அண்ணன் ஒருவன் இருந்தான்: ‘இக்கடிதத்தைத் தந்தி போல் பாவித்து உடனே வரவும்.’ அவசரத்தைச் சொல்ல அதைவிடச் சுருக்கான வழி கிடையாது. அதற்காக ஆங்கிலத்தில் ‘ட்ரீட் திஸ் லெட்டர் ஆஸ் டெலிகிராம்’ என்று மொழிபெயர்த்து எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார். ‘அட் தி எர்லியஸ்ட்’ இந்தியாவுக்குள் செல்லும். வெளியே ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று முழுதாக எழுதினால்தான் வாக்கியம் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு ‘உங்களுக்குச் சௌகரியப்படும்போது’ என்பதுதான் நேர்ப்பொருள், சௌகரியம் ஆறு மாதம் கழித்தும் வரலாம். ‘பை ஃப்ரைடே, 13 ஜூன்’ என்று நாளைப் போட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

பழைய கடிதங்களின் நடையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் கடிதங்களும் அழைப்பிதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அவர் தொழிலால் விளம்பரப் பலகை எழுதுபவர். பலகைக்காரருக்கு ஒவ்வொரு எழுத்தும் இடம் அடைக்கும், பெயிண்ட் குடிக்கும். வேண்டாத சொல்லை வெட்டும் பழக்கம் அந்தத் தொழிலில் தானாக வந்துவிடும்.

பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகச் சொல்வதற்கும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதே கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவர். தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று காரைக்குடிக்கு வர வேண்டும் என்று அவர் விரும்பியபோது முன்வைத்தது 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ‘எங்கள் ஊருக்கு ஆவன செய்க’ என்று மட்டும் டில்லிக்கு எழுதிய ஊர்கள் அன்றும் இருந்திருக்கும்தானே.

எல்லாம் சொன்ன பிறகும், இந்தத் தொடர் தலை நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. பழகிய ஆடிட்டருக்கு எழுதும் கடிதம். பதினைந்து வருஷமாக அதே ஆள்தான் கணக்குத் தாக்கல் செய்கிறார். வீட்டு வாடகை எவ்வளவு, எந்த வங்கியில் வைப்பு, மகள் கல்யாணத்துக்கு எதை விற்றது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு எழுத வேண்டியது இரண்டே வாக்கியம். ‘ஐ என்க்ளோஸ் திஸ் இயர்ஸ் ஃபார்ம் 16 அண்ட் பேங்க் ஸ்டேட்மெண்ட்ஸ். ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்.’ ‘த’ இருக்கிறது, எல் ஒன்றுதான், ‘கைண்ட்லி’ இல்லை. ஆடிட்டரும் மறுநாள் போன் போட்டு, “அண்ணே, போன வருஷ அட்வான்ஸ் டாக்ஸ் சலான் ஒண்ணு குறையுதே” என்பார்.